ஸ்ட்ரட் டவர் ரிப்பேர் பேனல்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

பழைய காரில் முன்பக்க ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தலை போய் உட்காரும் இடமான ஸ்ட்ரட் டவர் இத்துப்போனால், அதற்கென்றே ரெடிமேடாகக் கிடைக்கும் ரிப்பேர் பேனல் இரண்டு வகை. முதல் வகை, ஒரிஜினல் வடிவத்திலேயே அச்சில் அழுத்தி எடுத்தது. துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் பொருத்தி வெல்டு வைக்க வேண்டும். அடுத்த வகை, பழைய தகட்டின் மேலேயே தொப்பி மாதிரி கவிழ்த்துச் சுற்றிலும் வெல்டு ஓட்டுகிற மூடித் தகடு. முன்னதுக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம். பின்னது சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

டவர் தலையில் பெரும்பாலும் இரண்டு தகடுகள் ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் மூன்றுகூட உண்டு. தகடுகள் சேரும் இடத்தை அடைக்கும் சீம் சீலர் பசை வெடித்ததும் தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கும். வீல் ஆர்ச்சுக்குள் அப்பிய சேறு ஈரத்தைக் காயவிடாது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும் என்பதால் இரண்டு தகட்டையும் பிரித்துத் தள்ளிவிடும். பானெட்டைத் திறந்து பார்த்தால் போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் லேசாக உப்பியிருப்பது மட்டும்தான் தெரியும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் ஏடு ஏடாக உதிரும். இதன் மேல் மூடித் தகடு வைத்தால் துருவுக்கு இன்னொரு இடுக்கு கட்டிக் கொடுத்த கணக்கு. வெல்டு பிடிப்பதோ ஏற்கெனவே மெலிந்த தகட்டில். போதாக்குறைக்கு, தகட்டின் கனம் கூடுவதால் ஸ்ட்ரட் தலையை டவரோடு பிணைக்கும் டாப் மவுண்ட்டின் ஸ்டடில் (மேலே நீட்டிய போல்ட்) நட்டுக்குக் கிடைக்க வேண்டிய மரையும் குறையும். பெயின்ட் அடித்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆபத்தே அதுதான்.

அச்சில் அடித்த பேனலிலும் எல்லாம் ஒரே தரம் இல்லை. முதலில் கனம். பக்கச் சுவர் 0.8 முதல் 1 மி.மீ. வரை இருந்தாலும், எடையைத் தாங்கும் தலைத் தகடு பொதுவாக 1.5 முதல் 2.5 மி.மீ. இருக்கும். அதே வண்டியில் துரு படாத இடத்தில் வெர்னியர் வைத்து அளந்து, பேனலோடு ஒப்பிட வேண்டும். முழுக்க 1 மி.மீ. ஷீட்டில் அடித்த பேனல் விலை குறைவாக வரும், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது போல்ட் ஓட்டைகள். வாங்கியதும் டாப் மவுண்ட்டை எடுத்து பேனலில் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டடுகள் தானாக இறங்க வேண்டும். அரம் போட்டு ஓட்டையை இழுத்து விடும் நிலை வந்தால் அந்தப் பேனலை நம்ப முடியாது. சக்கரத்தைக் கீழே பிடிக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் டாப் மவுண்ட்டுக்கும் 600 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால், தலை 1 மி.மீ. உள்ளேயோ வெளியேயோ நகர்ந்தால் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) ஏறத்தாழ 0.1 டிகிரி மாறும். 5 மி.மீ. நகர்ந்தால் அரை டிகிரி. டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) ஸ்டீயரிங்கின் டை ராடில் திருத்திக்கொள்ளலாம். கேம்பரைத் திருத்தப் பல வண்டிகளில் வழியே கிடையாது.

கறுப்புப் பூச்சைப் பார்த்து ஏமாறக்கூடாது. தின்னர் நனைத்த துணியால் தேய்த்தால் கரைந்து வருகிறதென்றால் அது வண்டியில் ஏற்றி வருவதற்கான பூச்சு மட்டுமே, சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். கரையாத ஈ-கோட் (மின்சாரத்தால் படியவைத்த பூச்சு) என்றால் வெல்டு வைக்கும் விளிம்பில் மட்டும் எடுத்தால் போதும்.

இந்தப் பேனல்களில் பெரிய குறை, தலையை மட்டும் கொடுப்பது. துரு தலையோடு நிற்பதில்லை. வாங்கும் முன் மவுண்ட்டைச் சுற்றி 30 செ.மீ. வரை சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்ல தகடு. மொத்தென்று கேட்கும் இடமெல்லாம் வெட்ட வேண்டிய இடம். பக்கச் சுவர் துண்டோடு சேர்ந்து வரும் செட் விலை அதிகமானாலும் அதுதான் உண்மையில் பயன்படும். சேசிஸ் வரை துரு போயிருந்தால் எந்தப் பேனலும் காப்பாற்றாது.

பொருத்தும்போது ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். வெட்டும் முன் இரண்டு டவருக்கும் குறுக்கே இரும்பு ஆங்கிள் வெல்டு வைத்து, போல்ட் ஓட்டைகளிலிருந்து துரு இல்லாத நிலையான புள்ளிகளுக்குக் குறுக்களவு எடுத்து எழுதிவைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி, பிரேக் ஹோஸ், வயரிங், பெட்ரோல் லைன் எல்லாவற்றையும் ஒதுக்கியாக வேண்டும். பழைய ஸ்பாட்டுகளை 8 மி.மீ. ஸ்பாட் கட்டரால் எடுத்தால் அடித்தகடு தப்பும். கிரைண்டரை வைத்து அவசரப்பட்டால் அதுவும் போகும். பேனலில் 8 மி.மீ. ஓட்டைகளை 25 முதல் 30 மி.மீ. இடைவெளியில் போட்டு, ஆர்கான் கலவை வாயுவும் 0.8 மி.மீ. கம்பியும் வைத்து மிக் வெல்டிங்கில் நிரப்பலாம். ஒரிஜினலில் இருந்த ஸ்பாட் எண்ணிக்கைக்குக் குறையக்கூடாது. நீள வெல்டை 10, 15 மி.மீ. துண்டாக இடம் மாற்றி மாற்றி வைத்தால் தகடு நெளியாது. தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பது கூடாது.

வெல்டு பிடித்ததா என்று வண்டியில் கண்டுபிடிக்க முயல வேண்டாம். அதே கனமுள்ள இரண்டு கழிவுத் துண்டுகளில் அதே செட்டிங்கில் வைத்து, உளி கொடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். வெல்டு பொட்டு தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தால் சரி. வழவழவென்று பெயர்ந்தால் கரன்ட் போதவில்லை.

ரஸ்ட் கன்வெர்ட்டர் பற்றி நிறையப் பேர் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். குழிகளில் மிஞ்சிய மெல்லிய துருவை அது கருப்பாக மாற்றி அடக்கும், இழந்த பலத்தைத் தராது. வெல்டு வைக்கும் விளிம்பில் அது இருந்தால் வெல்டில் ஓட்டை விழும். அங்கே துத்தநாக வெல்டு பிரைமர் மெல்லிசாகப் போட்டு, ஓட்டைக்குள் மட்டும் சுரண்டிவிட வேண்டும். வெல்டு சூட்டில் கிளம்பும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், ஆகவே கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பிறகு எபாக்சி பிரைமர், அது காய்ந்ததும் சீம் சீலர், அதற்கு மேல் பெயின்ட். உள் பொந்துகளில் அடிக்கும் கேவிட்டி வேக்ஸ் மெழுகு கடைசியில்தான். முதலில் அடித்தால் அடுத்த வெல்டு சூட்டில் எரிந்து போகும்.

பூட்டும்போது லாக் நட்டுகள் புதிதாக வேண்டும். டார்க் அளவு, அதாவது எவ்வளவு விசையில் முறுக்கி இறுக்க வேண்டும் என்பது, அந்த மாடலின் மேனுவலில் இருப்பதுதான். 8 மி.மீ. ஸ்டட் என்றால் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் வரும். கீழ் ஆர்ம் போல்ட்டைக் கழற்றியிருந்தால் வண்டி தரையில் நின்ற பிறகே இறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே கிடக்கும். அதன் பின் நேராக அலைன்மென்ட். இரண்டு பக்கக் கேம்பரும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசப்பட்டால், பேனல் உட்கார்ந்த இடத்தைத்தான் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.