பயணச் செலவைப் பகிர: செயலியா, விரிதாளா, இரட்டைப் பதிவா?

நண்பர்களோடு போகும் பயணங்களில் பொதுக் கணக்கு எழுதும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடமே வந்துசேரும். செலவு பகிரும் செயலி, விரிதாள், இரட்டைப் பதிவுப் பேரேடு (ஒவ்வொரு தொகையையும் எந்தக் கணக்கிலிருந்து போனது, எந்தக் கணக்குக்கு வந்தது என்று இரண்டு இடத்தில் எழுதும் முறை) ஆகிய மூன்றிலும் எழுதிப் பார்த்துவிட்டு இப்போது மூன்றாவதில் நிலைத்திருக்கிறேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஸ்பிளிட்வைஸ், டிரைகவுண்ட் போன்ற செயலிகளின் பலம் தெரிந்ததே. யார் வேண்டுமானாலும் தம் தொலைபேசியிலிருந்தே பதியலாம். பங்கைச் செயலியே பிரித்துவிடும். யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதையும் அதுவே சொல்லும். இரண்டு மூன்று நாள் பயணம், ஒவ்வொரு செலவும் அன்றன்றே முடிந்துவிடும் என்றால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம். விரிதாள் இன்னும் சுதந்திரமானது. ஆளுக்கு ஒரு பத்தி போட்டால் போதும். ஆனால் பட்டியலின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்து, கூட்டல் சூத்திரம் அதை எட்டாமல் போனால் விரிதாள் பெரும்பாலும் வாய் திறக்காது. தவறான விடையையும் சரியான விடையைப் போலவே காட்டிக்கொண்டிருக்கும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்தது வேறொன்று. பயணக் கணக்கு மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். பணம் கொடுத்தவர் யார்? அதன் பயனை அனுபவித்தவர் யார்? இன்னும் செலவாகாத பணம் இப்போது எங்கே இருக்கிறது? முதல் இரண்டுக்கும் செயலி நன்றாகவே விடை சொல்கிறது. மூன்றாவது கேள்விக்கு அதில் இடமே இல்லை. திரும்பி வரவேண்டிய முன்பணம், ரத்தான டிக்கெட்டுக்கு வரவேண்டிய தொகை, பொதுப்பையில் மீதியிருக்கும் ரொக்கம் ஆகிய எல்லாமே செலவும் அல்ல, கடன் தீர்ப்பதும் அல்ல. நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வருவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். கண்ணன், செல்வி, மணி மூவரும் பயணம் போகிறார்கள். கண்ணன் அறை வாடகை 9,000 கட்டுகிறார். மூவருக்கும் சம பங்கு. செல்வி வாடகைக் காருக்கு 6,000 முன்பணம் கட்டுகிறார். கடைசி நாளில் செல்வி முன்னதாகவே கிளம்பிவிட, காரை ஒப்படைக்கிறவர் மணி. கீறலுக்கு 1,500 பிடித்துக்கொண்டு மீதி 4,500-ஐ மணியின் கையில் கொடுக்கிறார்கள்.

செயலியில் முன்பணத்தை 6,000 செலவு என்று பதிந்தால், பயணம் நடக்கும்போதே ஆளுக்கு 2,000 கடன் ஏறிவிடும். பணம் திரும்பியதும் பழைய பதிவை அழித்து 1,500 என்று மாற்ற வேண்டும். மணி கைக்கு வந்த 4,500-ஐ அவர் செல்விக்குத் தரவேண்டிய கடனாக இன்னொரு பதிவில் காட்ட வேண்டும். விடை சரியாகத்தான் வரும். ஆனால் 6,000 என்ற தொகை முதன்மைப் பட்டியலில் இருக்காது. சில மாதம் கழித்துச் செல்வி தன் வங்கி அறிக்கையைப் பார்த்து, “நான் கட்டிய 6,000 எங்கே?” என்று கேட்டால், காட்டுவதற்கு அந்தத் தொகையில் ஒரு வரி இராது.

பேரேட்டில் அதே நிகழ்வு இப்படி நிற்கும். நான் பயன்படுத்தும் மென்பொருள்கள் பற்றை, அதாவது பெறும் கணக்கில் ஏறுவதை, கூட்டலாகவும், வரவை, அதாவது தரும் கணக்கில் எழுதுவதை, கழித்தலாகவும் காட்டுகின்றன:

கார் முன்பணம் 6000
செல்வி −6000

காரை ஒப்படைத்த நாளில்:

மணி 4500
கீறல் கட்டணம் 1500
கார் முன்பணம் −6000

பிறகு அந்த 1,500-ஐ மூவர் பேரிலும் 500 வீதம் பற்று வைத்துவிட்டால் கீறல் கட்டணக் கணக்கும் பூஜ்யமாகிவிடும். எதையும் அழிக்கவில்லை. அறை வாடகையையும் சேர்த்துப் பார்த்தால் கண்ணனுக்கு 5,500, செல்விக்கு 2,500 வரவேண்டும். மணி 8,000 தரவேண்டும். கூட்டினால் பூஜ்யம். மணி இருவருக்கும் ஒவ்வொரு முறை பணம் அனுப்பினால் கணக்கு முடிந்தது. எத்தனை பேர் இருந்தாலும், ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைவான பரிமாற்றங்களுக்குள் கடன் எல்லாவற்றையும் தீர்த்துவிடலாம்.

பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. பள்ளியில் வணிகவியல் படித்தவர்களுக்கு இந்த விதி நினைவிருக்கும். நண்பர் கணக்குக்கு இது ஒன்றே கிட்டத்தட்டப் போதும்.

இதில் இன்னொரு தேர்வும் இருக்கிறது. நம் சொந்த வரவு செலவுக் கணக்கிலேயே நண்பர்களைக் கடனாளிகளாக வைத்துக்கொள்வதா, பயணத்துக்கென்று தனிப் பேரேடு திறப்பதா? பலர் முதலாவதைத்தான் செய்கிறார்கள். நான் உறுதியாக இரண்டாவதையே சொல்வேன். மணிக்காகக் கண்ணன் வாங்கிய டிக்கெட் என் சொந்தக் கணக்கில் எங்கே நிற்கும்? அதில் என் பணம் ஒரு காசுகூட இல்லையே. பயணத்தையே ஒரு கூட்டு நிறுவனமாகக் கருதி, என்னையும் அதில் ஒரு கூட்டாளியாக மட்டும் வைத்தால் இந்தச் சிக்கல் எழாது. இது புதிய யோசனையும் அல்ல. இரட்டைப் பதிவு முறையை விளக்கும், இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாச்சோலியின் நூல் 1494-ல் வெனிஸில் அச்சாவதற்கு முன்பே, அங்கிருந்த வணிகர்கள் ஒவ்வொரு கடல் வாணிகப் பயணத்துக்கும் தனிக் கணக்கு திறந்து, சரக்கு விற்றுத் தீர்ந்ததும் அதை மூடிவந்தார்கள்.

பற்றும் வரவும் சமமாக இருப்பதாலேயே கணக்கு சரியென்று ஆகிவிடாது. பதியாமல் விட்ட செலவும், ஆள் மாற்றிப் பதிந்த செலவும் சமநிலையைக் குலைப்பதில்லை. அவற்றைப் பிடிக்க வேறு வழி வேண்டும். பொதுப்பைக்கு ஒரு கணக்கு வைத்து, இரவில் பையிலுள்ள ரொக்கத்தை எண்ணி, பேரேட்டு இருப்போடு ஒப்பிடுகிறேன். 300 குறைந்தால் அன்றைக்கே எல்லோரிடமும் கேட்டுவிடலாம். நினைவும் பசுமையாக இருக்கும். அட்டைகளில் கொடுத்தவற்றை ஊர் திரும்பியதும் வங்கி அறிக்கையோடு சரிபார்த்துக்கொள்ளலாம். செயலியில் ரொக்க இருப்பு என்ற ஒன்றே இல்லாததால் பையிலுள்ளதை ஒப்பிட வழியில்லை.

மென்பொருளில், திரையில் கட்டங்களாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு குனூகேஷ். எனக்குப் பிடித்தது லெட்ஜர், எச்லெட்ஜர், பீன்கவுண்ட் வரிசை. வெறும் உரைக்கோப்பில் எழுதினால் அவை கூட்டிச் சொல்லும், மூன்றுமே இலவசம். சமன்படாத பதிவைக் கண்டதும் வரி எண்ணோடு முறையிடும். ‘இன்று பொதுப்பையில் இவ்வளவு இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிவைத்தால், பின்னால் யாராவது பழைய பதிவைத் தொட்டு அந்த இருப்பு மாறும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

குறை என்று சொன்னால், எழுதும் சுமை ஒருவர் தலையிலேயே விழுகிறது. நண்பர்கள் தாங்களே பதிய மாட்டார்கள். பற்று, வரவு என்றதும் விலகிப் போவார்கள். நாங்கள் இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். பணம் கொடுத்தவர் ரசீதைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிடுவார், இரவில் நான் பதிவேன். எழுதுகிறவர் சோர்ந்துவிட்டால் முறையும் படுத்துவிடும். அப்படி ஒருவர் கிடைக்காத குழுவுக்குச் செயலிதான் சரி.

வெளிநாட்டு நாணயத்தைப் பற்றி அரைகுறை அனுபவத்தோடுதான் பேசுகிறேன். ஒரே ஓர் அயல்நாணயம் புழங்கிய பயணத்தில், வங்கி உண்மையில் பிடித்த தொகையை வைத்தே மாற்று விகிதத்தைக் கணக்கிட்டேன்; சிக்கல் வரவில்லை. பல நாணயங்கள் கலக்கும் நெடும்பயணத்தில் நான் இதைச் சோதித்ததில்லை. பாதியில் சேர்கிறவர்களும் பிரிகிறவர்களும் நிறைய இருக்கும் பெரிய குழுவுக்கும் எழுதியதில்லை. அங்கே பங்கைப் பிரிப்பதே பெரிய வேலை. அதைச் செயலியிடம் விட்டுவிட்டு, முன்பணங்களுக்கும் பொதுப்பைக்கும் மட்டும் பேரேடு வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரலாம்.