பெரிய துளைப் பிஸ்டலுக்கு மருந்து பார்க்க 120 கிரெயின் பித்தளை மெஷர் சரிவருமா?

குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பையில் பெரும்பாலும் இந்தக் கருவி கிடக்கும். ஒரு பித்தளைக் குழாய், அதன் அடியில் ஏறி இறங்கும் தண்டு, தண்டில் 10 கிரெயினுக்கு (கிரெயின் என்பது மருந்தை அளக்கும் சின்ன எடை அலகு) ஒரு கோடு, பக்கத்தில் இறுக்கும் திருகு, தலையில் பக்கவாட்டில் சுழலும் சின்னப் புனல். ரைஃபிளை மனதில் வைத்துச் செய்த பொருள். இதே மெஷரை வைத்து .50, .54, .58 அங்குலத் துளைப் பிஸ்டல்களுக்கு மருந்து அளவு தேடலாமா என்றால், தேடலாம். ஆனால் அளவு கிடைத்த பிறகும் இதையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. காரணம் குழாயின் அகலத்தில் இருக்கிறது.

கரிமருந்து (பழைய கறுப்பு வெடிமருந்து) தோராயமாக ஒரு கனசென்டிமீட்டருக்கு ஒரு கிராம் நிற்கும். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. ஒரு கிரெயின் 0.0648 கிராம். ஆக, 30 கிரெயின் என்பது சுமார் 2 கனசென்டிமீட்டர். குழாயின் உள்விட்டம் 12.5 மி.மீ. என்றால் அந்த 30 கிரெயின் வெறும் 16 மி.மீ. உயரம்தான் வரும். தண்டு ஒரு மி.மீ. நகர்ந்தால் கிட்டத்தட்ட 2 கிரெயின் மாறிவிடும். தண்டில் வெட்டியிருக்கும் கோட்டின் தடிமனே அரை மி.மீ. இருந்தால், கோட்டின் மேல்விளிம்பில் நிறுத்துவதற்கும் கீழ்விளிம்பில் நிறுத்துவதற்கும் ஒரு கிரெயின் வித்தியாசம். 90 கிரெயின் போடும் ரைஃபிளில் இது 1 சதவீதம். யாரும் கவலைப்பட மாட்டார்கள். 30 கிரெயின் போடும் பிஸ்டலில் அது 3 சதவீதத்துக்கும் மேல். உள்விட்டம் 10 மி.மீ. உள்ள சிறிய மெஷர் கிடைத்தால் அதே 30 கிரெயின் 25 மி.மீ. உயரத்துக்கு ஏறும், பிழையும் அந்த அளவுக்குக் குறையும். வாங்கும்போது 'எத்தனை கிரெயின் வரை' என்று பார்ப்பதைவிடக் குழாய் எவ்வளவு ஒல்லி என்று பாருங்கள்.

புனலைப் பலர் தவறாகவே பயன்படுத்துகிறார்கள். புனலை நேராக வைத்து அதன் வழியே மருந்தை நிரப்பினால், குழாய் விளிம்புக்கு மேல் புனலுக்குள் நிற்கும் மருந்தும் சேர்ந்து குழலுக்குள் போய்விடும். புனலை ஒதுக்கிவிட்டு, விளிம்பில் வழியும்வரை நிரப்பி, பக்கத்தில் விரலால் ஒரே மாதிரி நான்கைந்து முறை தட்டி, குறைந்ததை நிரப்பிவிட்டு, பிறகுதான் புனலைச் சுழற்ற வேண்டும். சுழலும்போது அதன் அடிவிளிம்பு கூடுதல் மருந்தைச் சீவிக்கொண்டு போகும். தட்டுகிற எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் சரி, தினமும் அதே எண்ணிக்கையாக இருக்க வேண்டும். தட்டியதும் தட்டாததும் கலந்தால் எந்தச் சோதனையும் நிற்காது.

திருகுதான் இந்தக் கருவியின் பலவீனம். தட்டத் தட்டத் தண்டு மெல்லக் கீழே இறங்கும், அளவு உங்களுக்குத் தெரியாமலே கூடும். அளவை வைத்ததும் தண்டில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, ஐந்து வெடிக்கு ஒருமுறை பாருங்கள். தண்டுக்கும் குழாய்க்கும் நடுவே மருந்துத் தூள் இறங்கி இறுகிக்கொள்வதும் உண்டு. வெந்நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்தால் சரியாகிவிடும். உள்ளே எண்ணெய் மட்டும் போடாதீர்கள். மருந்து ஒட்டிக்கொண்டு அளவு குறையும்.

முதல் வேலை, தராசு. மெஷரை 30-இல் வைத்துப் பத்து முறை அளந்து ஒவ்வொன்றையும் நிறுத்துப் பாருங்கள். சராசரி 28 என்றோ 32 என்றோ வந்தால் பெரிய விஷயமில்லை, அது கோட்டின் பிழை. பத்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதுதான் உங்கள் கையின் பிழை, அதைத்தான் குறைக்க வேண்டும். இது கரிமருந்துக்கு மட்டும். பைரோடெக்ஸ் பி போன்ற மாற்று மருந்துகள் அதே கொள்ளளவில் எடை குறைந்தவை. கரிமருந்தின் எடைக் கணக்கில் அவற்றை நிறுத்துப் போட்டால் அளவு மிஞ்சும். அவற்றைக் கொள்ளளவால் மட்டுமே அளக்க வேண்டும். ட்ரிபிள் செவன் இன்னும் வேகமானது, கொள்ளளவிலும் 15 சதவீதம் குறைக்க வேண்டும். புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட இந்தத் துப்பாக்கிகளுக்குள் போகக் கூடாது. அதன் அழுத்தத்தில் குழல் பிளந்துவிடும்.

பிஸ்டலில் எப்படிப் பார்ப்பது? மூன்று எஃப் மருந்து (எஃப் கூடக் கூட மணி சிறிது), .54 என்றால் .530 ஈயக்குண்டு (சுமார் 224 கிரெயின் எடை), குண்டைச் சுற்றிவைக்க மெழுகும் கொழுப்பும் தடவிய பருத்தித் துணி. 20 கிரெயினில் தொடங்கி ஐந்தைந்தாக ஏறுங்கள், ஒவ்வொரு படிக்கும் ஐந்து வெடி. துப்பாக்கி செய்தவர் தாளில் எழுதியிருக்கும் உச்ச அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குமேல் 'ஒரே ஒரு படி' கிடையாது. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணியும் உலர்துணியும் விட்டுத் துடையுங்கள். கரிமருந்து எரிந்ததில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகவே மிஞ்சும், அதில் ஒரு பகுதி கசடாகக் குழலில் தங்கும். துடைக்காமல் விட்டால் நீங்கள் சோதிப்பது மருந்தை அல்ல, கசடை.

கெஜக்கோல் (குண்டைக் குழலுக்குள் தள்ளும் கோல்) இங்கே இரண்டாவது மெஷராக உதவும். .54 துளையில் 5 கிரெயின் கூடினால் குண்டு உட்காரும் இடம் ஏறக்குறைய 2 மி.மீ. உயரும். ஒவ்வொரு படிக்கும் கோலில் குழல்வாய் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைத்தால், 30 கிரெயின் தவறுதலாக இரண்டு முறை விழுந்தால் கோடு 13 மி.மீ. வெளியே நிற்கும், உடனே தெரியும். குண்டு மருந்தின்மேல் படியாமல் பாதியில் நின்றாலும் அதே கோடு காட்டிக்கொடுக்கும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காலி இடம் விட்டுச் சுட்டால் குழல் அந்த இடத்தில் வீங்கும், வெடிக்கவும் செய்யும். கேப் (மருந்தைப் பற்றவைக்கும் சின்னப் பொட்டு) வெடித்தும் மருந்து பற்றவில்லை என்றால் குறியை நோக்கியபடியே முழுதாக ஒரு நிமிஷம் காத்திருங்கள்.

வேகமானியைக் குழல்வாயிலிருந்து 3 முதல் 5 மீட்டர் தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் புகையையும் துணியையும் குண்டென்று எண்ணிக்கொள்ளும். பிஸ்டல் குழல் குட்டையானது. ஓர் அளவுக்குப் பிறகு கூடுதல் மருந்து குழல்வாய்க்கு வெளியே நெருப்பாகவும் கையில் உதையாகவும்தான் போகும். படிக்குப் படி வேகம் கூடுவது சுருங்கி, ஐந்து வெடிகளுக்குள் விலகல் பெருகத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால்தான் பெரும்பாலும் நல்ல அளவு இருக்கும். எதிரே வெள்ளைத்துணி விரித்துக் கருந்துகள் எண்ணும் பழைய முறையை நம்ப வேண்டாம். அதில் விழுவது பெரும்பாலும் எரிந்து முடிந்த கசடுதான்.

அதைவிட நல்ல சாட்சி, சுட்ட துணி. சில மீட்டர் முன்னால் தேடிப் பொறுக்கி விரித்துப் பாருங்கள். நடுவில் குண்டு உட்கார்ந்த வட்டம் கறுத்து, ரைஃபிளிங் (குழலின் உட்புறச் சுருள் வரிகள்) பதிந்த கோடுகள் முழுதாக, ஓரம் மட்டும் பிசிராக இருந்தால் நல்லது. நடுவே பொத்தல் விழுந்து கருகியிருந்தால் துணி மெல்லியது அல்லது மருந்து அதிகம். கோடுகளின் வழியே கிழிந்திருந்தால் குழல்வாயில் கூர்மை இருக்கிறது, மருந்தை மாற்றிப் பயனில்லை.

அளவு பிடிபட்டதும் இந்த மெஷரைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒல்லியான பித்தளைக் குழாயை அடியடைத்து, தராசு வைத்து அரம்போட்டுச் சரியான உயரத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அதில் திருகு இல்லை, நகர எதுவும் இல்லை. பக்கத்தில் துளை அளவு, மருந்தின் பெயர், எஃப் எண்ணிக்கை மூன்றையும் பொறித்துவிடுங்கள்; வேறு மருந்து டப்பா திறக்கும் நாளில் அந்தப் பொறிப்பைப் பார்த்ததும் கை தராசைத் தேட வேண்டும்.