கியர் மாற்றாமல் ஏழு ஆண்டுகள்

தெற்கு ஜெர்மனியில் ஒரு மாட்டுப் பண்ணையில் ஏழு ஆண்டுகளாக சிவிடி டிராக்டர், அதாவது கியர் மாற்றாமலே வேகத்தைப் படிப்படியின்றிக் கூட்டிக் குறைக்கும் வண்டி, ஓட்டுகிறேன். அதற்கு முன் ஊரில் ஓட்டியதெல்லாம் கியர் வண்டிதான். இடது கால் கிளட்சைத் தேடுவது நிற்கவே இரண்டு மாதம் ஆனது.

இதன் அருமை எனக்குப் பிடிபட்டது புல் கட்டும்போது. உருளைக் கட்டு போடும் பேலருக்கு பி.டி.ஓ. (இன்ஜின் சக்தியைப் பின்னால் பூட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று குறையாமல் சுழல வேண்டும். ஆனால் வாரிப் போட்ட புல் ஓரிடத்தில் முழங்கால் உயரம் இருக்கும், பத்தடி தள்ளிக் கணுக்கால் உயரம்தான். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கியர் குறைக்க மிதித்தால் பி.டி.ஓ.வும் சேர்ந்தே நிற்கும். பேலர் வாயில் புல் அடைத்துக்கொள்ளும். இதில் பெடலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், 9 கிலோமீட்டர் வேகம் 5 ஆகிவிடும். இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இருக்காது. கட்டு நிறைந்ததும் காலை எடுத்தால் வண்டி நிற்கும், பேலர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த வகையைப் பரவலாக்கியது 1995-இல் வந்த ஃபென்ட் நிறுவனத்தின் 926 வேரியோ டிராக்டர். அதன் அமைப்பைப் புரிந்துகொண்டபின் என் ஓட்டும் முறையே மாறியது. இன்ஜினின் சக்தி ஒரு பிளானட்டரி கியருக்குள் (நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம்) போய் இரண்டாகப் பிரிகிறது. வெளி வளையம் ஆயிலைத் தள்ளும் ஹைட்ராலிக் பம்பைச் சுற்றும். நடுப் பல்சக்கரம் நேராகச் சக்கரங்களை நோக்கிப் போகும் தண்டைச் சுற்றும். பம்பின் சாய்வு பூஜ்யமாக இருந்தால் ஆயில் ஓடாது, வளையம் சும்மா சுழலும், வண்டி நகராது. சாய்வு கூடக் கூட ஆயில் பாய்ந்து ஹைட்ராலிக் மோட்டார்களைச் சுற்ற, அவையும் அதே தண்டைச் சுற்றுகின்றன. வேகம் ஏறும்போது வளையம் மெதுவாகி, உச்சத்தில் நின்றேவிடும். அப்போது முழுச் சக்தியும் பல்சக்கரங்கள் வழியாகவே போகிறது. மெதுவாகப் போகும்போது பாரத்தைத் தாங்குவது ஆயில், விரைவாகப் போகும்போது இரும்பு.

இது தெரியாத முதல் கோடையில், சாண நீர் நிரம்பிய டேங்கரைச் சாலை ஓட்டத்துக்கான வேக வரிசையிலேயே செங்குத்தான மேட்டில் இழுத்தேன். பாதி வழியில் கியர்பாக்ஸ் ஆயில் சூட்டு விளக்கு எரிந்தது. இறங்கி அரை மணி நேரம் காத்திருந்தேன். இப்போது மேட்டின் அடியிலேயே வயல் வேலைக்கான மெதுவான வரிசைக்கு மாற்றிவிடுகிறேன். ஒருமுறைகூட அந்த விளக்கு எரியவில்லை.

நாள் முழுக்க ஒரே வேகத்தில் உழுவதுதான் உங்கள் வேலை என்றால் இதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஆயில் வழியாகப் போகும் சக்தியில் ஒரு பங்கு சூடாக வீணாகிறது. அந்த வேலைக்கு நல்ல கியர் வண்டியே சிக்கனம். பேலர், டேங்கர், முன்பக்க லோடர் என்று வேலை மாறிக்கொண்டே இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

வாங்கினால் ஆயிலையும் ஃபில்டரையும் காலம் தவறாமல் மாற்றுங்கள். பம்புக்குள் ஒரு துளி அழுக்கும் போகக் கூடாது. சரிவில் வண்டி பிரேக் இல்லாமலே அசையாமல் நிற்பதைப் பார்த்து நம்பி இறங்கிவிடாதீர்கள். அதை நிறுத்தி வைத்திருப்பது ஓடும் இன்ஜின்தான். ஹேண்ட்பிரேக் போட்டபின் இறங்குங்கள்.