இதய நோயாளி என்ன சாப்பிடுகிறார்? எப்படிக் கேட்டால் உண்மை வரும்?

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரிடம் "சாப்பாட்டுல கவனமா இருக்கீங்களா?" என்று கேட்டால் "இருக்கேன் டாக்டர்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலைத் தாண்டிப் போகச் சில வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் கோட்டை விடுகிறது.

ஓபியில் அதிகம் நடப்பது, நேற்று காலை முதல் இரவு வரை சாப்பிட்டதைச் சொல்லச் சொல்வது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது ஒத்துவரும். ஆனால் செக்கப்புக்கு முந்தைய நாள் பலர் வீட்டில் பத்தியச் சாப்பாடு! "இட்லி நாலு, சட்னி கொஞ்சம்" என்பார். அந்தக் 'கொஞ்சம்' ஒரு ஸ்பூனா, ஒரு கிண்ணமா என்று கரண்டியைக் காட்டித்தான் கேட்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் தானாக வாயில் வராது. கூட வந்த மனைவிதான் போட்டுக்கொடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து இரண்டு மூன்று நாள் கணக்காவது கேட்காமல் இதை நான் நம்பமாட்டேன்.

மாதத்தில் எத்தனை தடவை மீன், எத்தனை தடவை முறுக்கு என்று பண்டம் பண்டமாகக் கேட்கும் நீண்ட வினாப்பட்டியல் இன்னொன்று. சென்னை ஆய்வாளர்கள் தென்னிந்திய நகரவாசிகளுக்கென உருவாக்கியதில் 200-க்கும் மேற்பட்ட பண்டங்கள். பெரிய ஆய்வுக்கு அருமையான கருவி. டோக்கன் வாங்கிக் காத்திருப்பவருக்கு ஆகாது.

மத்திய தரைக்கடல் நாட்டு உணவுமுறை இதய நோயைத் தடுக்குமா என்று பார்த்த ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வில் பயன்பட்ட 14 கேள்விப் பட்டியல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கேள்விக்கு ஒரு மதிப்பெண். அப்படியே தமிழாக்கினால் வேடிக்கைதான்: ஆலிவ் எண்ணெய்க்கு மார்க், வாரம் ஏழு கிளாஸ் வைனுக்கும் மார்க்! எத்தனை தட்டு வெள்ளைச் சோறு என்ற கேள்வியே இல்லை. உப்பைப் பற்றியும் இல்லை. பருப்பு, மீன், காய், பழம், கொட்டைகள், சர்க்கரைப் பானம் பற்றிய கேள்விகளை வைத்துக்கொண்டு மற்றதை நம் சமையலுக்கு மாற்றினால் உருப்படியாக இருக்கும். மாற்றியதை இங்குள்ளவர்களிடம் சோதித்துப் பார்த்த பிறகுதான் மார்க்குக்கு மதிப்பு.

உப்பை மட்டும் எந்தக் கேள்வியாலும் சரியாகப் பிடிக்க முடியாது. சாப்பிட்ட சோடியத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சிறுநீரில் வெளியேறுவதால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோதிப்பதே நம்பகமானது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு நாளுக்கு 5 கிராம் உப்புக்குள். அன்று முழுக்க கேனும் கையுமாக அலைய எல்லோரும் சம்மதிப்பதில்லை. புதிதாக நீர் மாத்திரை தொடங்கியவருக்கோ அளவு குழம்பும்.

வழக்கமான செக்கப்புக்கு என் தேர்வு திருத்திய குறும்பட்டியல்தான். பிரஷர் அடங்காதவருக்கு மட்டும் சிறுநீர்ச் சோதனை. கூடவே மளிகைக் கணக்கையும் கேட்பேன்: மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய், வீட்டில் எத்தனை பேர்? நாலு பேருக்கு நாலு லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி. மாதம் ஆளுக்கு அரை லிட்டர் என்பதுதான் டயட்டீஷியன்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. இது அதற்கு இரண்டு மடங்கு. டீக்கடை வடை இந்தக் கணக்கில் வராது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.