குளிசையா, கழுத்துத் துளியா?

எங்கள் ஜிம்மி பதினெட்டுக் கிலோ ஊர் நாய். வெள்ளவத்தையில் கால்வாய் ஓரம் வீடு, பின்னேரமானால் நுளம்புப் படையெடுப்பு. இதயப்புழுவைக் கொண்டுவருவது நுளம்பு என்பதால் தடுப்புமருந்து வேண்டுமா என்ற கேள்வியே எழவில்லை. எதைக் கொடுப்பது என்பதில்தான் ஒரு வருடம் இழுபட்டோம். முதலில் மாதக் குளிசை. இப்போது மாதம் ஒருமுறை கழுத்தில் விடும் துளிமருந்து.

வந்தபின் பார்க்கலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வளர்ந்த புழு முப்பது சென்டிமீற்றர் வரை நீளும், நுரையீரல் நாடிகளில் குடியிருக்கும். அதைக் கொல்லும் மெலார்சோமின், ஆர்சனிக் கலந்த மருந்து. இடுப்புத் தசையில் ஆழமாக மூன்று ஊசி. செத்த புழுத் துண்டுகள் இரத்தக்குழாயை அடைக்கும் என்பதால் மாதக்கணக்கில் நாயை ஓடவே விடக்கூடாது. ஜிம்மியை அப்படிக் கட்டி வைக்க எங்களால் முடியாது.

குளிசையில் ஒரு வசதி: எத்தனை தரம் குளிப்பாட்டினாலும் பிரச்சினையில்லை. ஆனால் அது வரும் மாதத்துக்கான கவசம் அல்ல, போன மாதம் ஏறிய குஞ்சுப் புழுக்களைத்தான் கொல்கிறது. ஒரு மாதம் தவறினால் அவை மருந்துக்கு அடங்காத வயதுக்கு வளர்ந்துவிடலாம். நாங்கள் தவறவிடவில்லை என்றுதான் நினைத்தோம். மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுப்போம், விழுங்குவான், கலண்டரில் சரி போடுவோம். தீபாவளிக்கு சோஃபாவை நகர்த்தினால் அடியில் தூசி படிந்த இரண்டு குளிசைகள்! மீன் மட்டும் உள்ளே போயிருக்கிறது. எனக்கு முடிவைத் தந்தது அந்த சோஃபாதான்.

மிருக வைத்தியர் உடனே ஒரு இரத்தப் பரிசோதனை, ஆறு மாதம் கழித்து இன்னொன்று என்றார். பில்லைக் கூட்டப் பார்க்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சரி, கேட்டே விட்டேன். அந்தச் சோதனை வளர்ந்த பெண் புழுவின் புரதத்தைத்தான் காட்டுமாம். புழு அந்த வயதுக்கு வர ஆறு மாதமாவது வேண்டும். இரத்தத்தில் குஞ்சுகள் நிறைந்திருக்கும்போது சில தடுப்புமருந்துகளைக் கொடுத்தால், அவை ஒரேயடியாகச் செத்து நாய் அதிர்ச்சிக்குள்ளாகவும் கூடும். அதன்பிறகு நான் வாய் திறக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. நம் நாட்டு நாய்களில் பரவலாக இருப்பது இதயப்புழுவின் உறவுக்காரன்: தோலுக்கடியில் வாழும் டைரோஃபைலேரியா ரிப்பென்ஸ். நுளம்பு வழியே மனிதருக்கும் தொற்றும். தோல் கட்டியிலிருந்தும் கண்ணிலிருந்தும் இதை எடுத்த சம்பவங்கள் இலங்கையில் நிறைய. மொக்சிடெக்டின் என்ற மருந்துள்ள துளி இதற்கும் சேர்த்துத் தடுப்பு. வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதால் இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

துளியைத் தோள்பட்டைகளுக்கு நடுவே மயிரை விலக்கி விட வேண்டும். அவன் நாக்கு எட்டாது, துப்பவும் வழியில்லை. குறை என்றால் அடிக்கடி ஷாம்பு போட்டால் வேலை குறையும். காயும்வரை பிள்ளையைத் தொட விடக்கூடாது. நக்கி வயிற்றுக்குள் போனால் ஆபத்து. ஒன்றையொன்று நக்கும் இரண்டு நாய்கள் இருந்தால் நானும் யோசித்திருப்பேன். என் அனுபவம் ஒரே நாயோடு, ஒன்றரை வருடம்தான்.

பக்கத்து வீட்டு அண்ணை, “எதுக்குத் தம்பி இந்தச் செலவு, மாட்டுக்குப் போடுற ஐவர்மெக்டின்ல ஒரு சொட்டு காணும்” என்றார். கணக்குப் பார்த்தேன். இதயப்புழுத் தடுப்புக்கு நாயின் எடையில் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் ஐவர்மெக்டின். மாட்டு ஊசிமருந்து ஒரு மில்லிலீற்றரில் 10,000 மைக்ரோகிராம், அதாவது 1,600 கிலோ நாய்க்குப் போதும்! ஒரு சொட்டே ஜிம்மிக்கு நாலைந்து மடங்கு. கோலி இன நாய்கள் சிலவற்றுக்கு இந்த மருந்து கூடினால் மூளையையே தாக்கும்.

நாள் மறக்காமலிருக்க எங்களுக்கு போயா (பௌர்ணமி) தினம். விடுமுறை, எல்லோரும் வீட்டில், இடைவெளியும் 29, 30 நாள். இரண்டு நாள் முன்னதாகக் குளிப்பாட்டிவிட்டு, போயா இரவு அவன் தூங்கப்போகும்போது துளியை விடுகிறோம்.