சகோதர சங்கத்து லைஃப் இன்ஷூரன்ஸ்: கொரோனாவுக்கு முன்னும் பின்னும்

"அக்கா, நீங்க அந்த சர்ச் சங்கத்துல தானே லைஃப் இன்ஷூரன்ஸ் வச்சிருக்கீங்க? கொரோனா நேரத்துல எப்படி நடந்துக்கிட்டாங்க? நானும் சேரலாமா?" என்று வார்டில் கூட வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டாள். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்து நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன். டேர்ம் என்றால் என்ன, ஹோல் லைஃப் என்றால் என்ன, சம்பளத்தில் எத்தனை மடங்குக்கு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் இதில் கிடையாது. அதைச் சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சங்கத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. கொஞ்சம் திட்டப் போகிறேன், அதனால்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் இருப்பவர்களுக்கு, உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் இந்த வகைச் சகோதர சங்கங்கள் தெரிந்திருக்கும். நடு ஐரோப்பாவிலிருந்து சுரங்கத்துக்கும் இரும்பு ஆலைக்கும் வேலைக்கு வந்தவர்களுக்கு அந்தக் காலக் கம்பெனிகள் இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தயங்கின, கொடுத்தாலும் கட்டுப்படியாகவில்லை. 1907 டிசம்பரில் இந்தப் பக்கத்து டார் சுரங்கத்தில் ஒரே நாளில் 239 பேர் செத்தார்கள். அந்த வேலைக்கு யார் பாலிசி எழுதுவார்? சர்ச் ஹாலில் கூடி அவர்களே சங்கம் வைத்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் முன்னோடி, எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் மீட்வில் என்ற ஊரில் 1868-இல் ஜான் அப்சர்ச் என்ற ரயில்வே பட்டறைத் தொழிலாளி ஆரம்பித்த சங்கம். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் தலைக்கு ஒரு டாலர் போடுவார்கள், குடும்பத்துக்கு 2,000 டாலர் வரை கிடைக்கும். நம்மூரில் இழவு விழுந்தால் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்களே, அதேதான். ஆரம்பத்தில் நன்றாக ஓடியது. உறுப்பினர்களுக்கு வயதாக ஆக மாதத்துக்கு ஒரு வசூல் என்பது வாரத்துக்கு ஒன்று மாதிரி ஆனது, இளசுகள் கழன்றுகொண்டார்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகுதான் 1910-களில் மாநிலச் சட்டங்கள் வந்து, எல்லாச் சங்கங்களும் கணக்குப் போட்டுக் கையிருப்பு வைக்க வேண்டும் என்று ஆனது.

நான் சேர்ந்தது மூத்தவளின் ஞானஸ்நானத்துக்குப் பிறகு. சர்ச் ஹாலில் கேக் வெட்டும்போதே ஏஜென்ட் வந்துவிட்டார். ஆயுள் முழுக்க நிற்கும் ஒரு சின்ன ஹோல் லைஃப், மேலே 20 வருடத்துக்கு மட்டும் ஒரு டேர்ம். தூத்துக்குடிக்காரி ஒருத்தி அவர்கள் பட்டியலில் ஏறியது அந்தக் கிளைக்கே ஒரு செய்தி. கிளைக் கூட்டத்துக்கு ஒன்றிரண்டு தடவை போனேன். எல்லோருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. போன கூட்டத்தின் நடவடிக்கைகளை வாசிப்பார்கள், காபி குடிப்பார்கள், கிளம்புவார்கள். இதற்காகவா இவர்களுக்கு மத்திய அரசு 1909-இலிருந்து வருமான வரியே போடாமல் விட்டிருக்கிறது என்று நினைத்ததுண்டு. பங்குதாரர் கிடையாது, லாபம் எடுத்துக்கொண்டு போக ஆளில்லை, கிளைகள் இருக்க வேண்டும், உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும். அந்த வரிச்சலுகையின் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

2020 மார்ச் நடுவில் பூசைகள் நின்றன. தவக்காலம் வேறு. இந்த ஊரில் தவக்கால வெள்ளிக்கிழமை என்றால் சர்ச் ஹாலில் மீன் வறுவல். எங்கள் கிளைக்கு வருடத்தின் பெரிய வரவே அதுதான். மீன் வாங்கி ஃப்ரீசரில் கிடக்கிறது, ஹாலைத் திறக்க முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? விற்பனை கணக்கை மூடிவிட்டு, அந்த மீனைப் பொரித்துப் பெட்டியில் போட்டு, தனியாக இருக்கும் கிழவர் கிழவிகள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். கொண்டுபோய் வைத்தவர்களும் கிழவர் கிழவிகள்தான். நர்ஸ் என்ற முறையில் எனக்குப் பதறியது. சொன்னேன். கையுறை போட்டுக்கொண்டு மறுபடியும் போனார்கள்.

அப்புறம் மாஸ்க். அந்த நாட்களில் எங்களுக்கு ஒரு என்95-ஐக் கொடுத்து, ஷிஃப்ட் முடிந்ததும் பழுப்புக் காகிதப் பையில் பெயர் எழுதிப் போட்டு வைத்து, அடுத்த ஷிஃப்ட்டுக்கு அதையே எடுத்து மாட்டச் சொன்னார்கள். அது அழுக்காகாமல் இருக்க மேலே ஒரு துணி மாஸ்க் வேண்டும். கிளைப் பெண்கள் தைத்துக் கொடுத்தார்கள். கடையில் எலாஸ்டிக் எங்குமே இல்லை. பழைய டி-ஷர்ட்டைப் பட்டைகளாக வெட்டி இழுத்தால் அது தானாகவே சுருண்டு கயிறு மாதிரி ஆகும், அதை வைத்துக் கட்டினார்கள். காதுக்குப் பின்னால் அறுக்காத மாஸ்க் அந்த வார்டில் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. பூப்போட்ட துணி, இந்த ஊர் ஃபுட்பால் டீமான ஸ்டீலர்ஸ் துணி, கிறிஸ்துமஸ் துணி. துணிச் செலவில் பாதியைத் தலைமை அலுவலகம் கொடுத்தது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

ஆனால் நான் இன்னும் மறக்காதது அந்த போன்தான். கிளைச் செயலாளர் எண்பது தாண்டிய அம்மா. உறுப்பினர் பட்டியலைப் பிரித்து, இன்னார் இன்னாரைக் கூப்பிட வேண்டும் என்று பங்கு போட்டுவிட்டார். என் பெயரைத் தன் பங்கிலேயே வைத்துக்கொண்டார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அதற்குப் பிறகுதான் கூப்பிடுவார். இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை வராது. நேற்று என்ன சாப்பிட்டாய், பிள்ளைகள் எப்படி, உன் அம்மாவிடம் பேசினாயா, அவ்வளவுதான். அம்மா ஊரில் தனியாக இருந்தார்; மார்ச் கடைசியிலேயே இந்தியாவுக்கு விமானங்கள் நின்றுவிட்டன. அதை ஒருமுறைதான் சொல்லியிருப்பேன். அடுத்த வார ஜெபமாலையில் அம்மாவின் பெயர் இருந்தது.

அந்த ஜெபமாலை ஜூமில் நடக்கவில்லை. பாதிப் பேருக்கு ஜூம் தெரியாது. பழைய மாதிரி போன் கான்பரன்ஸ். யாருக்கும் மியூட் போடவும் தெரியாது. ஒருவர் முடிக்கும்போது இன்னொருவர் பாதியில் இருப்பார், நடுவில் ஒரு நாய் குரைக்கும், யாரோ குக்கரை அணைக்கப் போவார். அந்தக் கூச்சலுக்குள் நான் பாட்டுக்கு "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு தாத்தா, அது என்ன மொழி, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல் என்றார்.

இறப்புகளும் வந்தன. அடக்கத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடாது என்ற காலம். கிளை ஆட்கள் கல்லறைத் தோட்டத்துச் சாலையில் காரிலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீட்டில் பிள்ளைகளுக்கு அப்பாவிடம் இன்ஷூரன்ஸ் இருந்ததே தெரியாது. செயலாளர் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த அப்பாவின் சிறு வயதில் அவருடைய பெற்றோர் எடுத்துக் கட்டி முடித்த 1,000 டாலர் சர்ட்டிபிகேட் (பாலிசியை இந்தச் சங்கங்களில் இப்படித்தான் சொல்வார்கள்). பெட்டியின் அடியில் தேடச் சொன்னார், இருந்தது. 1,000 டாலரில் இன்று சவப்பெட்டிகூட வாங்க முடியாது, சரி. ஆனால் எந்தக் கம்பெனியில் இப்படி நினைவு வைத்துச் சொல்வார்கள்?

இப்போது தலைமை அலுவலகம். ஏப்ரலில் எங்கள் வார்டில் எல்லோரும் உயில் எழுதிக்கொண்டிருந்தோம். நாமினியில் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர் பெயரைச் சேர்க்க வேண்டும். இணையத்தில் முடியாது. ஃபாரத்தை இறக்கி, பேனாவால் கையெழுத்துப் போட்டு, சாட்சியும் கையெழுத்துப் போட்டு, தபாலிலோ ஃபேக்ஸிலோ அனுப்ப வேண்டும். ஊரே ஆறடி தள்ளி நிற்கும்போது சாட்சிக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக்காரர் கார் பானட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அனுப்பியது போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்பினால் தேதி பழையதாகிவிட்டது என்று திரும்பி வந்தது. போன் போட்டால் ஒரு பாட்டு, அப்புறம் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்". வெயில் காலம் முடிந்துதான் காரியம் நடந்தது. இது இன்றைக்கும் மாறவில்லை. போன மாதம் முகவரி மாற்ற அதே பாட்டைக் கேட்டேன்.

நியாயமாகப் பார்த்தால், அன்று எல்லா அலுவலகமும் அப்படித்தான் கிடந்தது. அதோடு ஒரு உதவியையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் இந்த நாட்டில் வேலையில்லாதோர் 14.7 சதவீதம், அதில் என் வீட்டுக்காரரும் ஒருவர். கம்பெனி கொடுத்த குரூப் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விட்டது. சங்கத்துப் பாலிசி மட்டும் போகாமல் கையில் இருந்தது. அவர் பெயரில் இருந்த பிரீமியத்துக்கு தவணை தள்ளித் தந்தார்கள், வட்டி கேட்கவில்லை.

காசு விஷயத்திலும் சங்கம் தாக்குப்பிடித்தது. 1918 ஃப்ளூவில் செத்தவர்களில் ஏராளமானோர் இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்கள், முழுப் பாலிசி வைத்திருந்தவர்கள். 2020-இல் பெரும்பாலும் வயதானவர்கள், கையில் இருந்தது அடக்கச் செலவுக்கான சின்ன சர்ட்டிபிகேட். அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. இந்தச் சங்கங்களின் பணம் முக்கால்வாசி கடன் பத்திரத்தில் இருக்கும். அந்த ஆகஸ்டில் பத்து வருட அரசுப் பத்திரத்தின் வட்டி அரை சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. பழைய பாலிசிகளுக்கு அதைவிடப் பல மடங்கு வட்டிக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள். விளைவு, மிச்சப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குத் திருப்பித் தரும் டிவிடெண்ட் எனக்கு ஒரு காபிக் காசு ஆனது. அதுகூடப் பரவாயில்லை.

அது ஏன் குறைந்தது என்று பார்க்கத்தான் சர்ட்டிபிகேட்டை முதல் முறையாக முழுவதும் படித்தேன். உள்ளே ஒரு பத்தி. சங்கத்தின் கையிருப்பு பழுதுபட்டால், அந்தப் பள்ளத்தில் உங்கள் பங்கைக் கட்டச் சொல்லி நிர்வாகக் குழு கேட்கலாம். கட்டாவிட்டால் அது உங்கள் பாலிசி மேல் கடனாக நின்று வட்டி ஏறும், அல்லது காப்பீட்டுத் தொகையைக் குறைத்துக்கொள்ள நீங்கள் ஒத்துக்கொள்ளலாம். அப்சர்ச் காலத்து வசூல் பின்வாசல் வழியாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது! சாதாரணக் கம்பெனி திவாலானால் மாநில உத்தரவாத நிதி என்று ஒன்று உண்டு, பெரும்பாலான மாநிலங்களில் இறப்புத் தொகைக்கு 300,000 டாலர் வரை. சகோதர சங்கங்கள் பொதுவாக அதற்கு வெளியே. கேக் வெட்டும்போது ஏஜென்ட் இதைச் சொன்னாரா? வாயே திறக்கவில்லை. நடைமுறையில் தள்ளாடும் சங்கத்தைப் பெரிய சங்கம் ஒன்று சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம், இந்த வசூலைக் கேட்பது அபூர்வம் என்று பிறகு விளக்கினார். அதையும் அன்றைக்கே விளக்கியிருக்கலாமே.

இதையும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது பின்னால் நடந்தது. கொரோனா ஓய்ந்ததும் சங்கப் பத்திரிகை அட்டையில் எங்கள் கிளையின் மாஸ்க் படம், உள்ளே எங்கள் குடும்பம், எங்கள் உறவு என்று ஒரு பக்கம். அதே வருடம் கடிதம் வந்தது: போதிய கூட்டம் நடக்காத கிளைகள் இணைக்கப்படுகின்றன. கூட்டம் எப்படி நடக்கும், ஹாலே பூட்டியிருந்ததே? இப்போது இரண்டு கவுண்டிக்குச் சேர்த்து ஒரே கிளை, கூட்டம் ஜூமில். செயலாளர் அம்மாவுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். உறுப்பினர் பட்டியல் இனித் தலைமை அலுவலகத்தில் மட்டும்; தனியுரிமை விதியாம். யார் வீட்டுப் பெட்டியின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்த ஒரே ஆளிடமிருந்து பட்டியலைப் பிடுங்கிவிட்டார்கள். செலவு மிச்சம், கையிருப்பு கூடியிருக்கிறது, ஆண்டறிக்கையில் அழகாக இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் நான் சேர்ந்தபோது இருந்ததைவிடச் சங்கம் இன்று உறுதியாகத்தான் இருக்கிறது.

ஒரு இடைச்செருகல். கொலம்பஸ் வீரர்கள் (Knights of Columbus) என்ற கத்தோலிக்கச் சகோதர சங்கத்தை 1882-இல் தொடங்கிய மெக்கிவ்னி என்ற குருவானவர், 1890-இல் ஃப்ளூ பரவிய காலத்தில் நிமோனியாவில் 38 வயதில் இறந்தார். அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தது 2020 அக்டோபர் 31, இன்னொரு கொள்ளைநோயின் நடுவில். எங்கள் போன் ஜெபமாலையில் அன்று அவரிடம் வேண்டிக்கொண்டோம். அது எங்கள் சங்கம் கிடையாது, ஆண்களுக்கானது. ஆனாலும் அந்தத் தாத்தாக்களுக்கு ஒரே பெருமை.

சரி, கேட்டவளுக்குப் பதில். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். வீட்டுக் கடனுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் பெரிய தொகை வேண்டுமென்றால் இங்கே எடுக்காதே. உத்தரவாத நிதிக்குள் இருக்கும் கம்பெனியில் டேர்ம் எடு. நான் இவ்வளவு புகழ்ந்தேனே என்று கேட்பாய். புகழ்ந்தது அந்தக் கிளையை. அது இப்போது இல்லை. நான் ஏன் விடவில்லை என்றும் கேட்பாய். சின்னவளுக்கும் ஒரு குழந்தைகள் சர்ட்டிபிகேட் ஃபாரம் போன வாரம் அனுப்பிவிட்டேன், சாட்சிக் கையெழுத்தோடு. அவளுக்குப் பெயர் வைத்த நாளில் அந்த அம்மா போன் செய்தார், அதற்கு மேல் என்னிடம் காரணம் கிடையாது.

என் பேச்சைக் கேட்காமல் நீயும் சேர்வதாக இருந்தால், சர்ட்டிபிகேட் கைக்கு வந்ததும் நான் சொன்ன அந்தப் பத்தியை ஏஜென்ட்டை உட்கார வைத்து வாசிக்கச் சொல். உங்கள் பகுதிக் கிளைக்கு நேரில் கூட்டம் நடக்கிறதா என்று கேள். விண்ணப்பத்தில் வெளிநாட்டுப் பயணம் பற்றி ஒரு கேள்வி வரும். அடுத்த வருடம் ஊருக்குப் போக டிக்கெட் பார்த்திருந்தால் அப்படியே எழுது. முதல் இரண்டு வருடத்துக்குள் ஏதாவது ஆனால் அந்த ஃபாரத்தைத்தான் முதலில் எடுத்துப் புரட்டுவார்கள்.