பவுடரா, கார்பன் டை ஆக்சைடா, போர்வையா: வீட்டுக்கு எந்தத் தீயணைப்பான்?

வீட்டில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும் என்று கடைக்குப் போனால் குழப்பம்தான். சின்ன வீட்டுக்கு உண்மையில் போட்டி மூன்றுக்குள்தான்: ஏபிசி பவுடர் சிலிண்டர், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், தீப்போர்வை.

முதலில் பவுடர். துணி, மரம், காகிதம் ஒரு வகை, பெட்ரோல் மாதிரித் திரவங்கள் ஒரு வகை, எரிவாயு ஒரு வகை. இந்த மூன்றையும் அணைக்கும் என்பதால்தான் அதற்கு ஏபிசி என்று பெயர். மின்சாதனம் எரிந்தாலும் அடிக்கலாம். ஆனால் ஒரு தடவை அடித்துவிட்டால் அறை முழுக்கப் புழுதி மண்டும், இருமல் பிடிக்கும், வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. டிவிக்குள்ளோ கம்ப்யூட்டருக்குள்ளோ புகுந்த பவுடர் ஈரம் பட்டதும் உள்ளே இருக்கும் உலோகத்தை அரிக்க ஆரம்பிக்கும். இன்னொன்று, 1 கிலோ சிலிண்டர் சில விநாடிகளில் காலியாகிவிடும், குறி பார்க்கவே நேரம் போதாது. வாங்கினால் 2 கிலோவாவது வாங்குங்கள். கொஞ்சம் அடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் பத்திரப்படுத்தலாம் என்றும் நினைக்க வேண்டாம், வால்வில் துகள் சிக்கி அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும்.

கார்பன் டை ஆக்சைடு சுத்தமான ஆள், அடித்த தடமே இருக்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே பலர் இதன் பக்கம் சாய்கிறார்கள். வீட்டுக்கு இது சரிப்படாது என்பது என் கட்சி. காற்றை விலக்கித்தான் தீயை அணைக்கிறது, சூட்டைப் பெரிதாகக் குறைப்பதில்லை, அதனால் மெத்தை, சோபா மாதிரிக் கனன்று எரியும் பொருள் வாயு கலைந்ததும் மறுபடி பற்றும். சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தால் மூச்சுத் திணறும். புனல் வாய் கையை ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ந்துபோகும் (உறைந்த கார்பன் டை ஆக்சைடின் குளிர் மைனஸ் 78 டிகிரி). அழுத்தம் காட்டும் முள்ளும் இதில் கிடையாது, உள்ளே வாயு இருக்கிறதா என்று எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் அதை யார் செய்யப்போகிறார்கள்?

வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் இந்த இரண்டு சிலிண்டருமே சங்கடம்தான். பக்கத்தில் நின்று அடித்தால் வேகத்தில் எரியும் எண்ணெய் தெறிக்கும். தண்ணீரை நினைக்கவே கூடாது: அது எண்ணெய்க்கு அடியில் போய் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும், எரியும் எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கியடிக்கும். இங்கேதான் போர்வை ஜெயிக்கிறது. பெட்டியில் தொங்கும் இரண்டு பட்டைகளை இழுத்தால் கண்ணாடி இழைத் துணி விரிந்து வரும். அதன் மேல் விளிம்பைப் புறங்கை மறையும்படி சுருட்டிப் பிடித்து, முகத்துக்கும் தீக்கும் நடுவில் திரையாக வைத்துக்கொண்டு, நம் பக்கமிருந்து அந்தப் பக்கமாக மெதுவாகப் படுக்க வைக்க வேண்டும், வீசக் கூடாது. அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு நன்றாக ஆறும் வரை விட்டுவிட வேண்டும். அணைந்துவிட்டதா என்று ஐந்து நிமிடத்தில் தூக்கிப் பார்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், எண்ணெய் இன்னும் தானாகவே பற்றும் அளவுக்குச் சூடாக இருக்கும், காற்று பட்டதும் குப்பென்று பிடிக்கும். ஒரு தடவை பயன்பட்ட போர்வையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பெரிய பாத்திரம் நிறைய எண்ணெய் எரிந்தால் மட்டும் போர்வையை நம்ப வேண்டாம், வெளியேறிவிடுங்கள்.

ஆகவே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பவுடர். இரண்டு என்றால் பவுடரோடு போர்வை. அடுப்புக்கு மேலேயே போர்வையை மாட்டாதீர்கள், தீக்குள் கையை விட்டா எடுப்பது? சமையலறைக் கதவருகே மாட்டுங்கள். சிலிண்டர் வெளியேறும் வழியில் இருக்கட்டும், பரணில் வேண்டாம். முள் பச்சையில் நிற்கிறதா என்று அவ்வப்போது ஒரு பார்வை போதும்.

மின்சார ஸ்கூட்டர் பேட்டரி புகைய ஆரம்பித்தால் இந்த மூன்றில் எதையும் தேட வேண்டாம். லித்தியம் பேட்டரி தனக்குள்ளேயே சூடேறி எரிவது, மேலே எதைப் போட்டு மூடினாலும் தொடரும். எல்லோரையும் வெளியே கூட்டிப் போய், கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.